நான் கூப்பிடும் வரை

மிஷிகனின் வடகோடியில், பெரிய ஏரியை ஒட்டி, நவம்பரில் விழுகிற பனி மே மாதம் வரை கிடக்கிற ஊரில், வெஸ் லாட்டினெனுக்கு வேலை பனி தள்ளுவது. மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்பே லாரியில் ஏறி, காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றுவான். ஒவ்வொரு டிசம்பரிலும் ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு உபதேசம் வேறு செய்வான். “பனிமேட்டுக்குள்ள குகை தோண்டாதீங்க. தோண்டியிருந்தா உள்ள போகாதீங்க. லாரில உக்காந்திருக்கிறவனுக்கு உங்க தொப்பிகூடத் தெரியாது!” இந்த வருஷம் அவனுடைய மூத்த மகன் ஓட்டோ, எட்டு வயது, இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்துப் பையன் விலாவில் இடித்து, “எங்கப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்பேர்ப்பட்ட மனிதன் தன் வீட்டு வாசல் பனிமேட்டிலேயே குகை தோண்டினான். அதுவும் யாரும் கேட்காமல், தானாகவே. தெருப்பக்கம் இல்லை, கார் போகிற பாதைக்கு உட்பக்கம்தானே, இங்கே எந்த லாரி வந்து முட்டப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். இரண்டு பையன்களும் ஒரு நாயும் தாராளமாக உட்காரலாம். நாய் இல்லை, அதனால் சின்னவன் நீலோ நாயாக இருந்தான். நாலு வயது. குரைப்பதில் கெட்டிக்காரன்.

ஏன் தோண்டினான் என்றால், பையன்களிடம் நல்ல பேர் வாங்க. அக்டோபரில் நடந்ததை மறக்கடிக்க. வேலை முடிந்து வந்து நீலோவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சோபாவில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டான். நீலோ பைஜாமாவும் ரப்பர் பூட்ஸுமாகத் தெருவைத் தாண்டி, படகுத்துறை வரை தனியாக நடந்து போயிருக்கிறான். யாரோ ஒரு மீன்காரர் அவனைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கொண்டுவந்து விட்டார். கதவைத் திறந்தவள் அவன் மனைவி கரின். மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வெஸ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அன்று கரின் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சமையலறையில் நின்றுகொண்டு, பாத்திரத்தைத் துடைத்தபடி, “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, வெஸ், நான் பசங்களைக் கூட்டிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். உன்னைப் பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை. செய்வேன்” என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். பத்து வருஷத்தில் அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் மதியம் தொடங்கிய பனி முழங்காலுக்கு மேல் விழுந்திருந்தது. வெஸ் பத்து மணி நேரம் லாரி ஓட்டிவிட்டு வந்திருந்தான். கண் இரண்டும் மிளகாய் பட்டதுபோல எரிந்தன. வீட்டுக்குள்ளே கரின் மாவைத் தேய்த்து, மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்து, அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். ஓட்டோவின் ஐஸ் ஹாக்கிக் குழுவுக்குப் பணம் சேர்க்க ஐந்து டஜன் பேஸ்டி அவள் பங்கு. மறுநாள் பந்தயம். ஓட்டோ முதல்முறையாக கோல் காக்கப்போகிறான். மூன்று வாரமாக வீட்டில் வேறு பேச்சே கிடையாது, சாப்பிடும்போதுகூடக் கையுறையோடுதான் உட்கார்ந்தான்.

“கொஞ்சம் படுத்துக்கோயேன்” என்றாள் கரின், மாவுக் கையோடு.

“பாதையைத் தள்ளிட்டு வந்துடறேன். நீ மத்தியானம் இதையெல்லாம் எடுத்துட்டுப் போகணுமே.”

“சரி. பசங்க வெளியதான் இருக்காங்க. ஓட்டோகிட்ட தம்பியைப் பாத்துக்கச் சொல்லியிருக்கேன். நீயும் ஒரு கண்ணு வெச்சுக்கோ.”

“வெச்சுக்கறேன், வெச்சுக்கறேன்.”

வெஸ் பனி வாரி வீசுகிற மெஷினைக் கொட்டகையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தான். அது ஓடும்போது பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது. அதன் வாய்க்குள் சுழலுகிற இரும்புக்கு விரலும் ஒன்றுதான், குச்சியும் ஒன்றுதான். ஓட்டோவுக்கு அது தெரியும். அவன் மூத்திரம் வருகிறது என்று அத்தனை உடுப்பையும் கழற்ற வீட்டுக்குள் ஓடிவிட்டான். நீலோ மட்டும் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“அப்பா, நான் தள்ளறேன்.”

“நகருடா.”

“நான் நாய். நாய் பனி தள்ளும்.”

“நீலோ! அந்தப் பக்கம் போ!”

“வவ்! வவ்!”

வெஸ் குனிந்து, அவனுடைய நீல உடுப்பின் கழுத்தைப் பிடித்து, குகை வாசலுக்குக் கொண்டுபோய் விட்டான். “நல்ல நாய்தானே நீ? நல்ல நாய் கூண்டுக்குள்ள உக்காந்திருக்கும். நான் கூப்பிடற வரைக்கும் வெளிய வரக்கூடாது. புரியுதா?”

“கூப்பிட்டா பிஸ்கட்டு?”

“கூப்பிட்டா பிஸ்கட்டு.”

நீலோ தவழ்ந்து உள்ளே போய்விட்டான். வெஸ் மெஷினை முடுக்கினான்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யார் முதலில் மெஷினை எடுக்கிறார்களோ அவர்கள் எதிர்வீட்டுப் பாதையையும் சேர்த்துத் தள்ளிவிட வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் தவறினால் ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். வெஸ் தன் பாதையில் பாதியைத் தள்ளிவிட்டு எதிர்வீட்டு ரூபனின் பாதைக்குப் போனான். ரூபன் எழுபது வயதுக்காரர், மனைவி போனபிறகு பேச ஆள் தேடுகிறவர். காபிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

“நாளைக்கு உன் பையன்தான் கோலாமே? போன வருஷம் அவன் ஐஸ்ல நிக்கவே தெரியாம விழுந்துட்டிருந்தான்!”

“இப்பவும் விழறான் ரூபன். ஆனா அடி வர பக்கமா விழறான்.”

“அதுதான் வேணும்! அதுதான் வேணும்!” என்று கிழவர் சிரித்த சிரிப்பில் காபி கொட்டியது. அப்புறம் ஏரி ஐஸில் துளை போட்டுத் தூண்டில் விட்டும் மீன் கடிக்காததைப் பற்றி, அவர் மகளின் புது வீட்டைப் பற்றி, முட்டியில் வலியைப் பற்றி. வெஸ் ஆமாம் போட்டுக்கொண்டே நின்றான். நின்றபடியே கண் செருகியது. திரும்பி வந்தபோது அவன் மனதில் இருந்தது படுக்கை ஒன்றுதான். மீதிப் பாதையைத் தள்ளினான். மெஷினின் மூக்கைத் திருப்பி, வாரின பனியையெல்லாம் உட்பக்கத்து மேட்டின்மேல் வீசினான். மேடு இருக்கிறது, அதன்மேல் வீசுகிறோம். எல்லாச் சனிக்கிழமையும் செய்கிறதுதானே. வேறெதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

மெஷினை உள்ளே விட்டான். பூட்ஸைக் கழற்றினான். காபி ஊற்றிக்கொண்டான். அடுப்பிலிருந்து வந்த வாசனையில் பசி எடுத்தது. ஒரு பேஸ்டியை எடுத்தான், கரின் அவன் கையில் செல்லமாக ஓர் அடி போட்டாள், சிரித்துக்கொண்டே கீழே வைத்தான். கால் மணி நேரம் போயிருக்கும். இதையெல்லாம் அப்புறம் நினைத்து நினைத்து அவன் செத்தான். சிரித்தேனே, உட்கார்ந்து காபி குடித்தேனே என்று.

“நீலோ எங்க?” என்றாள் கரின். “அவன் கையுறை நனைஞ்சிருக்கும், மாத்தணும்.”

“ஓட்டோகூட இருப்பான்.”

“ஓட்டோ கீழதான இருக்கான், மட்டைக்கு டேப் சுத்திட்டு? ஓட்டோ! தம்பி எங்கடா?”

கீழ் அறையிலிருந்து, “அப்பாகூட” என்று சத்தம் வந்தது.

கரின் திரும்பிப் பார்த்தாள். அந்த நொடியில்கூட அவனுக்கு நினைவு வரவில்லை, அதுதான் கொடுமை. நினைவுக்கு வந்தது படகுத்துறை. காலுறையோடு வாசலுக்கு ஓடி, “நீலோ! நீலோ!” என்று தெருவைப் பார்த்துக் கத்தினான். கரின் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினாள், அங்கேயிருந்து அவள் குரலும் கேட்டது. எதிர்வீட்டிலிருந்து ரூபன் எட்டிப் பார்த்தார். பனியில் ஒரு குரலும் தூரம் போகாது, எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும்.

ஓட்டோ மேலே ஏறி வந்து அப்பாவுக்குப் பின்னால் நின்றான். வாசலைப் பார்த்தான். பாதையைப் பார்த்தான். குகை வாய் இருந்த இடத்தில் ஒரே வெள்ளையாக, புதுப்பனி வழுவழுவென்று இருந்தது.

“குகை!” என்று வீறிட்டான். “அப்பா, குகை!”

வெஸ் பாய்ந்தான். மண்வெட்டியை எடுக்கவில்லை, உள்ளே எங்கே தலை இருக்கிறதோ, எங்கே கை இருக்கிறதோ. கையுறை இல்லாத கைகளால் வாரினான். பக்கத்தில் ஓட்டோ வாரினான். எங்கிருந்தோ வந்து கரினும் முழங்காலில் விழுந்து வாரினாள், மாவுக் கையோடு. மெஷின் வீசின பனி இறுகிவிடும், அது வெஸ்ஸைவிட யாருக்குத் தெரியும்? “கடவுளே, கடவுளே” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான், வேறு வார்த்தை வரவில்லை. கடைசியில் கை பொசுக்கென்று காற்றுக்குள் போனது. உள்ளே பிடித்தது ஒரு பூட்ஸை.

இழுத்தார்கள். நீலோ கண்ணைத் திறந்து திறந்து மூடினான். உதடு நீலம் பாரித்திருந்தது. கரின் அவன் வாயில் காதை வைத்தாள், கழுத்தில் விரலை வைத்தாள், அப்புறம் அவனை மார்போடு அள்ளி அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். வெஸ் பனியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பையன் பிழைத்தான். குகை பெரிதாக இருந்ததால் காற்று போதுமானதாக இருந்தது. கரின் தன்னோடு வேலை பார்க்கும் டாக்டருக்குப் போன் போட்டு, மூச்சைச் சொன்னாள், நாடியைச் சொன்னாள், விரல் நுனியின் நிறத்தைச் சொன்னாள். மெதுவாகச் சூடாக்குங்கள், தூங்க விடாதீர்கள், ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூப்பிடுங்கள் என்றார். அரை மணியில் நீலோ போர்வைக்குள்ளிருந்து பிஸ்கட் கேட்டான். அதைக் கேட்டு கரின் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்தபிறகு அவளுக்குக் கோபம் வந்தது.

“ஓட்டோ. அவன் அங்க இருக்கான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

வெஸ்ஸுக்கு அப்போதுதான், அந்தக் கேள்வியில்தான், எல்லாம் திரும்பி வந்தது. நீல உடுப்பின் கழுத்து. நல்ல நாய். கூப்பிடற வரைக்கும். அவன் வாயைத் திறந்தான்.

ஓட்டோ அவனைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னான். “நான்தான் உள்ள போகச் சொன்னேன். ஒளிஞ்சு விளையாடலாம்னு. அப்புறம் மறந்துட்டேன்.”

“மறந்துட்டியா?”

“ஆமா.”

“உங்கிட்ட நான் என்ன சொன்னேன்? தம்பியைப் பாத்துக்கன்னு சொன்னேனா இல்லையா? அப்பா உள்ள ஆளிருக்குன்னு தெரியாம மூடிட்டாரு! அப்பா கையால! அவன் செத்திருந்தா அப்பா எப்படிடா உயிரோட இருப்பாரு? யோசிச்சியா?” அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். “நாளைக்கு நீ ஆடவேண்டாம். கோச்சுக்கு நானே போன் பண்றேன். போய் அந்தக் குகையை இடிச்சுத் தள்ளு. தரையோட தரையாக்கிட்டுத்தான் உள்ள வரணும்.”

“சரிம்மா” என்றான் ஓட்டோ. உடுப்பை மாட்டிக்கொண்டு போனான்.

வெஸ் அங்கேயே நின்றான். திறந்த வாய் திறந்தபடி இருந்ததா, மூடிக்கொண்டதா என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை. ‘நான்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் அவன் கண்முன் பெட்டி படுக்கையோடு கார் கிளம்புவதும், இரண்டு பையன்களும் பின்கண்ணாடியில் திரும்பிப் பார்ப்பதும் தெரிந்தது. கரின் போனை எடுத்து கோச்சிடம் பேசினாள். மகனுக்குக் காய்ச்சல் என்று பொய்கூடச் சொல்லவில்லை, தண்டனை என்றே சொன்னாள். வெஸ் கேட்டுக்கொண்டே நின்றான். ஆறடி ரெண்டங்குல மனிதன், பதினாலு டன் லாரி ஓட்டுகிறவன், எட்டு வயதுப் பையனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

சோபாவில் நீலோ, “அப்பா கூப்பிடவே இல்ல” என்றான்.

“கூப்பிட்டாருடா செல்லம்” என்றாள் கரின், அவன் தலையைத் தடவிக்கொண்டு. “வாசல்ல நின்னு கூப்பிட்டாரு. பனிக்குள்ள இருந்ததால உனக்குக் கேக்கலை.”

நீலோ அப்பாவைப் பார்த்தான். வெஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜன்னலுக்கு வெளியே ஓட்டோ இடித்துக்கொண்டிருந்தான். தன்னைவிட உயரமான மண்வெட்டி. ஒரு வெட்டு வெட்டினால் ஒரு கைப்பிடி விழுந்தது. நின்று நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டான். ஒரு மணி நேரம் வெஸ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கரின் நீலோவின் உடம்புச் சூட்டைப் பார்த்தாள், டாக்டருக்குத் திரும்பப் பேசினாள், மிச்ச பேஸ்டிகளை அடுப்புக்குள் வைத்தாள். “நீ போய்ப் படு, உன் மூஞ்சியைப் பாக்கவே முடியலை” என்று அவனிடம் அன்பாகச் சொன்னாள். அந்த அன்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ஓட்டோவின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கப் போனான். ஓட்டோ தரவில்லை.

“அம்மா என்னைத்தான் செய்யச் சொன்னாங்க.”

“ஏன்டா அப்படிச் சொன்னே? நீ அவனைப் போகச் சொல்லலையே.”

ஓட்டோ வெட்டிக்கொண்டே பேசினான். “மாடிக் கழிவறை ஜன்னல்லேருந்து பாத்தேன். நீ அவனை உள்ள விட்டே. உங்கூட இருக்கான்னு நினைச்சுத்தான் கீழ போனேன்.”

“அப்புறம் ஏன் உண்மையைச் சொல்லலை?”

“என்னைத் திட்டினா அம்மாவுக்கு நாளைக்குச் சரியாயிடும். எப்பவும் சரியாயிடும். உன்னைன்னா போயிடுவாங்கல்ல?” மூக்கை உறிஞ்சினான். “அக்டோபர்ல சொன்னாங்க. படிக்கட்டுல உக்காந்து கேட்டேன்.”

பிள்ளை அக்டோபரிலிருந்து இதைச் சுமந்துகொண்டு திரிகிறான். பள்ளிக்கூடத்தில் ‘எங்கப்பா’ என்று சொன்னபோதும் சுமந்துகொண்டுதான் சொல்லியிருக்கிறான்.

“நான் உள்ள போய் அம்மாகிட்டச் சொல்லிடறேன்.”

“வேண்டாம்ப்பா!” மண்வெட்டி கீழே விழுந்தது. ஓட்டோ அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டான். “நான்தான் ஆடலைன்னு ஆயிடுச்சே. அடுத்த மாசம்கூட ஒரு பந்தயம் இருக்கு. சொல்லாதப்பா. ப்ளீஸ். நான் சரியாத்தான் சொன்னேன், அம்மா நம்பிட்டாங்க.”

வெஸ் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். அவன் வாழ்க்கையில் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். உள்ளே போனான், கதவைச் சாத்தக்கூட இல்லை. சமையலறை நடுவில் நின்று சொன்னான்.

“கரின், ஓட்டோ இல்லை. நான்தான். மெஷின் பக்கத்துல வரான்னு நான்தான் நீலோவைக் குகைக்குள்ள உக்கார வெச்சேன். கூப்பிடற வரைக்கும் வராதேன்னு சொன்னேன். ரூபன் வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு நின்னேன். மறந்துட்டேன். நானே மூடினேன்.”

கரின் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அடுப்பு மணி அடித்தது, யாரும் அதை நிறுத்தவில்லை.

“மறந்துட்டே” என்றாள். “தூக்கமில்லாம வந்தே, மறந்துட்டே. அதைக்கூட நான் என்னிக்காவது ஒரு நாள் விழுங்கிடுவேன் வெஸ். ஆனா அவனை நான் உலுக்கும்போது நீ இங்க, இந்த இடத்துலதான் நின்னுட்டிருந்தே.”

“ஆமா.”

“கோச்சுக்குப் போன் பண்ணும்போது?”

“இங்கதான்.”

“ஒரு மணி நேரமா அவன் வெளிய இடிச்சுக்கிட்டிருக்கான். நீ ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தே.”

வெஸ் தலை குனிந்தான். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அவனைத் தாண்டி, கோட்டுப் போடாமல், வீட்டுச் செருப்போடு வாசலுக்குப் போனாள். வெஸ் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றான்.

ஓட்டோ அம்மா வருவதைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கதவோரம் அப்பா நிற்பதைப் பார்த்தான். பனியில் இடறி விழுந்து எழுந்து ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

“அப்பா பொய் சொல்றாரும்மா! அவரு ஒண்ணும் செய்யலை! நான்தான்மா, நான்தான் உள்ள போகச் சொன்னேன், சத்தியமா நான்தான்! நாம எங்கயும் போகவேண்டாம்மா!”

கரின் அப்படியே பனியில் மண்டியிட்டாள். அவன் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். “எங்கடா போறோம்? போறோம்னு உங்கிட்ட யாரு சொன்னா?”

“நீதாம்மா” என்றான் ஓட்டோ.

கரின் நிமிர்ந்து வெஸ்ஸைப் பார்த்தாள். நடுவில் நின்ற பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, “நான்தான், நான்தான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.